மூன்று விரல்காரர்

அழுக்கு விரிப்பை உருவுவதற்காக லொரெய்ன் அப்பாவைப் பக்கவாட்டில் புரட்டினாள். அவருடைய தலை யூனாவின் உள்ளங்கையில் வந்து தங்கியது. அதில் கனமே இல்லை.

"கழுத்த விட்டுடாதீங்க. அப்படியே பிடிங்க."

"பிடிச்சுட்டுதான் இருக்கேன்."

"உங்க கட்டைவிரல் அவர் கண்ணுல படுது."

யூனா விரலை நகர்த்திக்கொண்டாள். தம்பி மனைவி லொரெய்ன் பழைய விரிப்பைச் சுருட்டி, புதியதை உதறி, அப்பாவை மறுபுறம் புரட்டி முடிப்பதற்குள் யூனாவுக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டிருந்தார்கள். அப்படியும் அறைக்குள் புழுதி வாசம். மூன்றாவது வருஷமாக மழை இல்லை. விமானத்தில் வந்துபோன டாக்டர் ஊசி மருந்தை லொரெய்ன் கையில் கொடுத்து, எப்படிப் போடவேண்டும் என்று காட்டிவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அவர் சொன்னபோது, "என்னை ஏத்துற இடத்துல ரெண்டு கன்னுக்குட்டிய ஏத்திட்டுப் போ. அதுங்களாவது பிழைக்கும்" என்றாராம் அப்பா.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"டெஸ் எங்க?"

"மாட்டுக்குத் தழை போட வடக்குப் பக்கம் மரம் வெட்டப் போயிருக்கார் மாமா. பெரிய லாரிய எடுத்துட்டுப் போயிருக்கார். சாயங்காலம் வந்துடுவார்."

"மாடு எத்தன விழுந்துச்சு?"

"வந்து சொல்வார்."

அவருடைய பார்வை மெதுவாக யூனா பக்கம் வந்தது. "நீ இன்னும் போகலயா?"

"போகலப்பா."

"மெயில் விமானம் வியாழக்கிழமைதான் வரும்," என்றார், அவளுக்கு ஏதோ அவசரம் இருப்பதைப்போல. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மற்ற இரண்டும் யூனா பிறப்பதற்கு முன்பே ஒரு காளையின் கழுத்துக் கயிற்றில் போய்விட்டவை. சின்ன வயதில் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்வாள். பிடிக்கச் சௌகரியமாக இருக்கும்.

அந்தக் கையை நாடு முழுக்க இருந்த குழந்தைகளுக்குத் தெரியும்.

யூனா எழுதிய ஐந்து புத்தகங்களிலும் ட்ரென்ட் என்று ஒரு பண்ணைக்காரர் வருவார். மூன்று விரல் ட்ரென்ட். மிளகு தூவினதுபோல் வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள் உள்ள பெப்பர் என்ற குதிரையைத் துப்பாக்கியோடு துரத்திக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு புத்தகத்திலும் பெப்பர் தப்பிவிடும். பிள்ளைகள் அவளுக்குப் படம் வரைந்து அனுப்புவார்கள். படங்களில் ட்ரென்டுக்குப் பல்லெல்லாம் கூராக இருக்கும்.

நிஜப் பெப்பர் யூனாவுடைய குதிரை. அவள் கடற்கரை ஊரில் விடுதிப் பள்ளியில் இருந்த வருஷம் இதேபோல ஒரு வறட்சி. விடுமுறைக்கு வந்து லாயத்துக்கு ஓடினாள். எல்லாக் கட்டுத்தறியும் காலி. "புல் இல்ல," என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

லொரெய்ன் அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். யூனா பின்னாலேயே வந்தாள்.

"நான் துவைக்கிறேன், குடு."

"உங்களுக்குத் தண்ணி அளவு தெரியாது. கொட்டிடுவீங்க."

வராந்தாக் கோடியில் ரேடியோப் பெட்டி இருந்த சின்ன அறையில் தம்பி மகள் ஜோஸி பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே பள்ளிக்கூடம் என்றால் அந்தப் பெட்டிதான். எங்கோ ஊரில் இருக்கும் டீச்சரின் குரல் கரகரவென்று வந்துகொண்டிருந்தது. பத்து வயது ஜோஸி, யூனா வந்ததிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள். சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்டால் அம்மாவின் வழியாகத் தள்ளிவிடுவாள்.

"ஜோஸிக்கு எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டாள் யூனா.

"அவளையே கேளுங்க," என்றாள் லொரெய்ன். துணியைப் பிழிந்த தண்ணீரைக் கீழே ஊற்றாமல் எலுமிச்சைச் செடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். போகிறபோது திரும்பாமலே, "உங்க புத்தகம் அஞ்சும் அவர் ரூம் பீரோவுல இருக்கு. ஊருக்கு ஆள் போறப்பல்லாம் சொல்லி அனுப்பி வாங்கி வெச்சது. நீங்க ஒண்ணுகூட அனுப்பலயே," என்றாள்.

*

ஆல்பி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்குக் கீழே வந்து நின்றபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. அவர் அந்த மண்ணின் பூர்வகுடி ஆள். அப்பாவோடு நாற்பது வருஷம் மாடு ஓட்டியவர். இப்போது இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்து பார்வை மங்கிவிட்டது. இருந்தாலும் காலையில் குட்டைப் பக்கம் ஒரு நடை போய்வராவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"பழைய குட்டையில குதிரை ஒண்ணு சிக்கிடுச்சு," என்றார். "டச்சஸ்."

லொரெய்ன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எவ்வளவு நேரமா?"

"ராத்திரியே இறங்கியிருக்கும். காக்கா ஒரு கண்ண எடுத்துடுச்சு."

ரேடியோ அறையில் குரல் நின்றது. ஜோஸி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நடை பழகியதும் குதிரை பழகியதும் ஒரே வருஷம். பழகியது டச்சஸ் முதுகில்.

லொரெய்ன் வழக்கமாக இந்த மாதிரி வேலைக்கு யாரையும் எதிர்பார்க்கமாட்டாள். துப்பாக்கி இருந்த சமையலறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள். அப்பாவின் அறையைப் பார்த்தாள். அடுத்த ஊசிக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊசி போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தம்பி டெஸ் வர மாலையாகும்.

"யூனா," என்றாள். முதல்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "நீங்க போகணும்."

"நானா?"

"ஆல்பிக்குக் கண்ணு தெரியாது. முதல்ல வெளிய இழுத்துப் பாருங்க. எழுந்துட்டா சரி. இல்லன்னா..." துப்பாக்கியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாள். "சுட்டிருக்கீங்கல்ல?"

"சின்ன வயசுல."

"அது மறக்காது."

"நானும் வரேன்," என்றாள் ஜோஸி.

"நீ உக்காந்து பாடம் படி."

"டச்சஸ் நான் கூப்பிட்டாத்தான் வரும்மா."

லொரெய்ன் மகளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "தொப்பி போட்டுக்க," என்றாள்.

*

ஜீப்பை யூனா ஓட்டினாள். ஆல்பி பின்னால் கயிறுகளோடு உட்கார்ந்திருந்தார். ஜோஸி துப்பாக்கியை, வாய் வெளியே பார்க்கிறமாதிரி முழங்கால் நடுவில் பிடித்திருந்தாள். வழியெல்லாம் தரை வெந்து வெடித்துக் கிடந்தது. வேலியோரம் செத்த மாடுகளின் தோல், காய்ந்த கூடாரத்துணிபோல எலும்பின்மேல் விறைத்திருந்தது.

"ஜோஸி, எங்கூட ஏன் பேசமாட்டேங்குற?"

வேலிக் கேட்டைத் திறந்து திறந்து இரண்டு வேலி தாண்டினார்கள். இரண்டாவது வேலியைத் தாண்டியபிறகு அவளாகவே ஆரம்பித்தாள், எதிரே பார்த்தபடி.

"போன வருஷம் டீச்சர் ரேடியோவுல உங்க புத்தகத்தப் படிச்சாங்க. தினம் ஒரு அத்தியாயம். ஒரு நாள் ட்ரென்ட் எப்படிப்பட்ட ஆளுன்னு எல்லாரையும் கேட்டாங்க. ஒவ்வொருத்தரா சொன்னாங்க. கொடூரன்னு ஒருத்தன். இதயமே இல்லாதவன்னு ஒருத்தி. பக்கத்துப் பண்ணை வெய்ன் இருக்கான்ல, அவன், 'எனக்கு ட்ரென்ட நேர்லயே தெரியும் மிஸ், அவருக்கு ஜோஸின்னு ஒரு பேத்தி இருக்கா'ன்னு சொன்னான்."

யூனா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். "அது கதைம்மா. அது உன் தாத்தா இல்ல."

"மூணு விரல்," என்றாள் ஜோஸி.

ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"நீ என்ன சொன்ன?"

"என் முறை வந்தப்போ, பேசி முடிச்சா சொல்ற 'ஓவர'  மட்டும் சொல்லிட்டு அணைச்சுட்டேன். தாத்தா வராந்தாவுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டிருந்தார்."

"என்ன பண்ணார்?"

"சிரிச்சார். 'அந்த ட்ரென்டுக்குக் குறி வெக்கத் தெரியாது. அஞ்சு புத்தகமா ஒரு குதிரையச் சுடமுடியல. இவனெல்லாம் என்ன பண்ணைக்காரன்'னு சொன்னார்." ஜோஸி துப்பாக்கி வாயை மறுபடி வெளியே பார்க்கத் திருப்பிக்கொண்டாள். "அப்புறம் ராத்திரி சாப்பிடல. வயிறு சரியில்லன்னார். அப்ப அவருக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. சீக்கு அப்புறம்தான் வந்துச்சு."

*

குட்டையில் தண்ணீர் என்று நடுவில் ஒரு பாய் அகலம்தான் மிச்சம். சுற்றிலும் சாம்பல் நிறச் சேறு. டச்சஸ் வயிறு வரை அதில் புதைந்து கிடந்தது. கழுத்தை மட்டும் நீட்டிச் சேற்றின்மேல் வைத்திருந்தது. காகங்கள் எழுந்துபோய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தன. ஜோஸி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஒரு காது மட்டும் திரும்பியது.

ஆல்பி பூட்சைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். கண்ணால் ஆகாததைக் கை பார்த்துக்கொண்டது. குதிரையின் கால்களைச் சுற்றிச் சேற்றை அள்ளி அள்ளிப் போட்டார். யூனாவும் இறங்கினாள். பட்டைக் கயிற்றை வயிற்றுக்கு அடியில் கொடுத்து மறுபக்கம் வாங்குவதற்குள் இரண்டு பேருக்கும் முகம்வரை சேறு.

"பட்டணத்துக் கைக்கு பரவால்லயே," என்றார் ஆல்பி.

ஜீப்பை முதல் கியரில் போட்டு அங்குலம் அங்குலமாக இழுத்தாள். சேறு விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் விட்டது. குதிரை முழு நீளத்துக்குச் சறுக்கிக்கொண்டு கட்டித் தரைக்கு வந்தது. விலா எலும்புகளை எண்ணலாம். மூச்சு வாங்கவிட்டார்கள். தொப்பியில் தண்ணீர் கொண்டுவந்து ஜோஸி அதன் வாயில் ஊற்றினாள். பாதி நாக்கின் ஓரமாக வழிந்தது.

பிறகு ஆல்பி வாலைப் பிடித்துத் தூக்க, யூனா தோளைக் கொடுத்து முட்ட, ஜோஸி முன்னால் நின்று கூப்பிட்டாள். டச்சஸ் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நாய் உட்காருவதுபோல் உட்கார்ந்தது. ஒரு கணம் எழுந்துவிடும் போலத்தான் இருந்தது. பின்னங்கால் ஒன்று தப்பான பக்கம் மடங்கித் தொங்கியது. அப்படியே விழுந்துவிட்டது.

"இன்னொரு தடவ தூக்கலாம்," என்றாள் யூனா.

ஆல்பி இடுப்பெலும்பில் கைவைத்துத் தடவிப்பார்த்தார். எலும்பு கைக்குக் கீழே நகர்ந்தது.

"கொஞ்சம் நிழல் பண்ணி வெச்சா, டெஸ் வந்தப்புறம்..."

"அத்தை," என்றாள் ஜோஸி. யூனாவை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எதுக்கு லேட் பண்றீங்க? அதுக்கு வலிக்குது."

"நீ ஜீப்புக்குப் போ."

"தாத்தாவா இருந்தா இவ்வளவு நேரம் அதப் படுக்கவெச்சிருக்க மாட்டார்."

அவள் ஜீப்புக்குப் போகவில்லை. டச்சஸ் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். காதுக்குள் ஏதோ சொன்னாள். எழுந்து யூனாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

எப்படி என்று யூனாவுக்குத் தெரியும். அப்பா சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு காதிலிருந்து எதிர்ப்பக்கக் கண்ணுக்கு ஒரு கோடு, மறுகாதிலிருந்து இந்தக் கண்ணுக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம். கிட்டப் போய் நில், பயந்துகொண்டு தூரத்திலிருந்து சுடாதே, நீ பயந்தால் கஷ்டம் அதுக்குத்தான். இல்லாத கண் பக்கம் கோடு எங்கே முடியவேண்டும் என்று ஒரு விநாடி தடுமாறினாள்.

புத்தகங்களில் துப்பாக்கி வெடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அவள் மலை அதிர்ந்தது என்றோ வானம் பிளந்தது என்றோ எழுதியிருந்தாள். இது ஒரு பலகை தரையில் விழுந்த சத்தம்தான். காகங்கள் எழுந்தன, வட்டமடித்தன, மறுபடி உட்கார்ந்துகொண்டன.

ஜோஸி போய்க் கழுத்துப்பட்டையைக் கழற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல்.

ஆல்பி கையிலிருந்த சேற்றை மணலில் தேய்த்துக்கொண்டார். யூனா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நடந்தத அவர் உங்கிட்டச் சொன்னாரா?" என்றார் ஆல்பி.

"என்னிக்கு?"

"உன் குதிரைய."

"புல் இல்லன்னார்."

"ம்." சிகரெட்டைச் சுருட்ட ஆரம்பித்தார். "பதினேழு குதிரை. மேக்கு வேலிகிட்ட. நான் ஒவ்வொண்ணா பிடிச்சுக் குடுத்தேன், அவர் சுட்டார். உன்னோடதக் கடைசியா வெச்சிருந்தார். அது முறை வந்தப்போ, 'இத ஒண்ண விட்டுடலாமா ஆல்பி'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. என்னோட ரெண்டு குதிரை அதுக்கு முன்னாடியே விழுந்து கெடக்குது. நான் என்ன சொல்றது?" சிகரெட்டை நாக்கால் ஒட்டினார். "அவர் நின்னு யோசிச்சார். அதுதான் தப்பாப்போச்சு. மத்ததெல்லாம் விழுந்தத அது பாத்துட்டிருந்திருக்கு. கயித்த அறுத்துட்டு ஓடிச்சு. அவர் அவசரத்துல சுட்டார். வயித்துல பட்டுது. சாயங்காலம் வரைக்கும் அது பின்னாடியே போனோம். எல்லை வேலிகிட்டதான் கிடைச்சுது. முள்கம்பியில மாட்டிட்டு நின்னுது."

யூனாவுடைய முதல் புத்தகம் அப்படித்தான் ஆரம்பிக்கும். பெப்பர் கயிற்றை அறுக்கும். மூன்று விரல்காரர் சுடுவார், குறி தவறும். பொழுது சாயும்வரை துரத்துவார். எல்லை வேலியில் பெப்பர் ஒரே தாவாகத் தாவி மறுபுறம் போய்விடும். நகரத்தில், மூன்றாவது மாடி அறையில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அதைச் சும்மா உட்கார்ந்து கற்பனை செய்து எழுதினாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது ஆல்பி. யாரும் சொல்லல."

"எனக்குத் தெரியும் உனக்குத் தெரியாதுன்னு. அவர் நம்பல. அந்தப் புத்தகம் வந்தப்போ நேரா என் வீட்டுக்கு வந்து, 'நீயா அவகிட்டச் சொன்ன'ன்னு கேட்டார். இல்லன்னேன். திரும்பிப் போயிட்டார். நாப்பது வருஷத்துல என் வார்த்தைய அவர் நம்பாதது அது ஒண்ணுதான்." புகையை விட்டார். "புத்தகத்துல வேலியத் தாண்டிடுதாமே?"

"ஆமா."

"சரி," என்றார் ஆல்பி.

*

வீட்டுக்கு வந்ததும் யூனா கையைக்கூடக் கழுவவில்லை. நேராக அறைக்குள் போனாள். லொரெய்ன் நாற்காலியிலிருந்து எழுந்து, அவள் சட்டையைப் பார்த்து, கேட்காமலே புரிந்துகொண்டு இடம் விட்டாள். வெளியே ஜோஸியின் குரலும் லொரெய்னின் தணிந்த குரலும் கேட்டன.

அப்பாவின் மூச்சு மாறியிருந்தது. ஒன்று வந்தால் அடுத்தது வர வெகுநேரம் ஆனது. யூனா அந்த மூன்று விரலையும் பிடித்துக்கொண்டாள்.

வெடிமருந்து வாசத்துக்கு அவர் மூக்கு லேசாக அசைந்தது. "யாரு சுட்டது?"

"நான்ப்பா."

"எத?"

"டச்சஸ். குட்டையில சிக்கிடுச்சு. இடுப்பு போயிடுச்சு."

அடுத்த மூச்சு வந்தபோது அதோடு சேர்ந்து வந்தது: "எத்தன குண்டு?"

"ஒண்ணு."

அவர் தலையை அசைத்ததுபோல் இருந்தது. அசைக்காமலும் இருந்திருக்கலாம்.

யூனா அவர் காதுக்குக் கிட்டே குனிந்தாள். தலையணையில் மருந்து வாசம். "அப்பா, ஆல்பி எங்கிட்ட எதையும் சொல்லல. யாருமே சொல்லல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நானா எழுதினேன். வேலி, துரத்துறது எல்லாம் நானா எழுதினேன்ப்பா. கேக்குதா?"

அப்பாவின் உதடு அசைந்தது. அவள் இன்னும் குனிந்தாள்.

"வேலி கேட்டச் சாத்தினியா?"

யூனாவுக்கு நினைவில்லை. போகும்போது திறந்தது நினைவிருந்தது. திரும்பும்போது யார் இறங்கினார்கள்? ஜோஸி இறங்கியிருப்பாள்.

"சாத்தினேன்ப்பா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. லொரெய்ன் வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். ஜோஸி கட்டிலின் கால்மாட்டில் போர்வைக்கு மேலாகத் தாத்தாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலில் இருந்த சாக்கு காய்ந்துவிட்டது. யாரும் எழுந்துபோய் நனைக்கவில்லை. வெயில் சுவரில் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு மூச்சுக்குப் பிறகு மூன்று பேரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். லொரெய்ன்தான் முதலில் தலையைத் தூக்கினாள்.

டெஸ் வந்தபோது அவன் தலை, புருவம் எல்லாம் மரத்தூள். வாசலிலேயே அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். குழாயடிக்குப் போய்க் கையை முழங்கைவரை நன்றாகக் கழுவினான். அப்புறம் உள்ளே போய் அப்பாவின் நெற்றியைத் தொட்டான்.

"எத்தன மாடுன்னு கேட்டுட்டே இருந்தார்," என்றாள் லொரெய்ன்.

"நாலு விழுந்துச்சு," என்றான் டெஸ், அவரைப் பார்த்து. "மத்ததெல்லாம் நிக்குதுப்பா."

*

அந்த வெயிலில் தள்ளிப்போட முடியாது. மறுநாள் முற்பகலுக்குள் பாதிரியார் சின்ன விமானத்தில் வந்து இறங்கினார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் விடியலிலேயே கிளம்பி வந்திருந்தார்கள். குழி வெட்டக் கடப்பாரை வேண்டியிருந்தது. டெஸ்ஸும் ஆல்பியின் மகன்களும் மாற்றி மாற்றி வெட்டினார்கள். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஆல்பியின் பேரன் ஒருவனுக்கு அப்பாவின் பேரான க்ளெம்தான் வைத்திருந்தார்கள். அன்று காலையிலிருந்தே அவனை வேறு பேரில் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். செத்தவரின் பேரைப் பூர்வகுடிகள் வாயால் சொல்லமாட்டார்கள். இன்னும் சில வருஷத்துக்குச் சொல்லமாட்டார்கள்.

வராந்தாவில் எல்லோருக்கும் லொரெய்ன் தேநீர் ஊற்றினாள். ஆட்டுக்கறி வைத்த ரொட்டியில் புழுதி படியாமல் ஈரத்துணி போர்த்தியிருந்தார்கள். கொஞ்சநேரத்தில் ஆண்கள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் அப்பா தன்னை ஒருமுறை மாட்டு விலையில் ஏமாற்றிய கதையைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்ஸும் சிரித்தான்.

பக்கத்துப் பண்ணை வெய்ன் பறட்டைத் தலையும் புது பூட்சுமாக யூனாவின் முன்னால் வந்து நின்றான்.

"நீங்கதான அந்தப் புத்தகமெல்லாம் எழுதினது?"

"ஆமா."

"ட்ரென்ட் செத்துட்டாருல்ல? அப்போ இனிமே பெப்பர யாரும் துரத்தமாட்டாங்களா?"

அவன் அம்மா பதறிப்போய், "டேய்!" என்று எட்டி அவன் கையைப் பிடித்தாள். யூனா ஜோஸியைப் பார்த்தாள். ஜோஸி ரொட்டித் தட்டோடு கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அத்தை என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தாள்.

"துரத்தினது எங்க அப்பா," என்றாள் யூனா. "குதிரை தப்பிக்கல. நான் எழுதினது தப்பு."

வெய்ன் முகத்தில் என்ன செய்வதென்று தெரியாத ஒரு பயம் வந்தது. கீழுதடு பிதுங்கியது. "தப்பிக்கலயா?" என்றான். அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

ஜோஸி பக்கத்தில் வந்தாள். "அவனுக்கு எட்டு வயசுதான் அத்தை," என்றாள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று யூனாவுக்குத் தெரியவில்லை. "அவங்கிட்டப் போய் எதுக்கு அதச் சொன்னீங்க?" கேட்டுவிட்டுத் தட்டை யூனாவின் கையில் கொடுத்தாள். ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு வெய்னைத் தேடிப் போனாள்.

அந்த வாரத்து விமானத்தில் யூனா போகவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "லாரி ஓட்ட ஒரு ஆள் இருந்தா நான் மரத்துல ஏறி வெட்டுவேன்," என்று மட்டும் டெஸ் சாப்பாட்டின்போது பொதுவாகச் சொன்னான்.

வடக்குப் பக்கத்தில், மாட்டுக்குத் தழை தரும் முல்கா மரங்கள் பாதி மொட்டையாக நின்றன. டெஸ் மின்னலாக ஏறிக் கவட்டையில் கால் வைத்து மோட்டார் ரம்பத்தைக் கிளப்பினான். சத்தம் போன திசையெல்லாம் தூரத்தில் புழுதி எழுந்தது. மரங்களுக்கு இடையிலிருந்து மாடுகள் வர ஆரம்பித்தன. ஓடக்கூடியவை ஓடி வந்தன. முடியாதவை நின்று நின்று வந்தன. விழுந்த கிளைகளை ஜோஸி இழுத்துப் பரப்பினாள். பின்னால் வந்த ஒடிசலான மாடுகளுக்கு எட்டும்படி ஒவ்வொரு கிளையாகத் தள்ளித் தள்ளிப் போட்டாள். யூனா லாரியை அடுத்த மரத்துக்கு நகர்த்தி எஞ்சினை நிறுத்தினாள்.

ரம்பமும் நின்றது. நாலாபக்கமும் இலை மெல்லும் சத்தம் மட்டும். தாய் இல்லாத கன்று ஒன்று லாரியின் ஓரமாக வந்தது. கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த அவள் கையை முகர்ந்தது. வேர்வையின் உப்புக்காக நக்கியது. சொரசொரத்த நாக்கு. யூனா கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.